சீயக்காய் மணக்கும் புத்தாண்டு: சியாங் மாயில் சோங்க்ரான், ஆறு நாள் குறிப்பு

ஏப்ரல் 11, பாங்காக்

வடதாய்லாந்தின் சியாங் மாய்க்கு ரயில் மாலையில்தான். அதுவரை பாங்காக்கில் இரண்டு வேலை: ஒரு பஞ்சாங்கம் பார்ப்பது, ஒரு சோறு சாப்பிடுவது.

பஞ்சாங்கம் என்றதும் நம் ஊர்ப் புத்தகம் போல நினைக்க வேண்டாம். தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரானுக்கு அரண்மனை ஜோதிடர்கள் ஆண்டுதோறும் கணித்து வெளியிடும் அறிவிப்பு அது. சூரியன் மேஷத்தில் நுழையும் நேரம், அந்தக் கிழமைக்குரிய தேவதை எந்த வாகனத்தில் வருகிறாள், மழை எவ்வளவு, விளைச்சல் எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும். மழைக் கணக்கைப் படித்தால் தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வரும். அளவுக்குப் பெயர் 'ஹா'. மொத்தம் 500 ஹா என்று வந்தால் சக்கரவாள மலைக்கு 200, இமயக் காட்டுக்கு 150, கடலுக்கு 100, மனிதர் வாழும் மண்ணுக்கு வெறும் 50. கடலுக்கும் மலைக்கும் மரக்கால் மரக்காலாக அள்ளிக் கொடுத்துவிட்டு பூமிக்கு மிச்சத்தை ஒதுக்கும் நம் பஞ்சாங்கத்தின் அதே கை.

சோங்க்ரான் என்ற சொல்லே சங்கராந்திதான். நமக்குச் சித்திரை ஒன்று ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. இவர்களுக்கு மூன்று நாள் ஏன்? விடுமுறைக்காக நீட்டியது இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. சூரியன் மெய்யாக மேஷத்தைத் தொடும் நேரம் ஒன்று. சராசரி வேகத்தில் ஓடுவதாக வைத்துக் கணித்த சூரியன் தொடும் நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே இரண்டு நாளும் சுமார் நாலு மணி நேரமும். முதலாவது மகா சோங்க்ரான். ஆண்டு எண் மாறுவது இரண்டாவதில். அதன் பெயர் தலெங் சொக். நடுவில் எந்த ஆண்டிலும் சேராமல் நிற்கும் நாள் 'நாவ்'.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சூத்திரத்தில் 800 ஆண்டுக்கு 2,92,207 நாள், அதாவது ஆண்டுக்கு 365.25875 நாள். இப்போதைய நாட்காட்டியில் 365.2425. இந்த வித்தியாசத்தால் ஏறக்குறைய 60 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது. அரசு விடுமுறை ஏப்ரல் 13, 14, 15 என்று நிலையாக இருக்க, கணக்குப்படி பல ஆண்டுகளில் பண்டிகை 14-இல் தொடங்கி 16-இல்தான் முடிகிறது. வடக்கே மரபு பார்ப்பவர்கள் இதைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். எனவே குறிப்பிட்ட ஒரு சடங்கைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், விடுதிக்காரரைக் கேட்காதீர்கள். அந்தக் கோயிலின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

தேவதைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கபில மகா பிரம்மன் தம்மபாலன் என்ற இளைஞனிடம் விடுகதை போடுகிறான்: மனிதனின் 'ஸ்ரீ', அதாவது மங்கலம், காலையில் எங்கே, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே? தோற்றவன் தலை போகும். கழுகுகள் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டுப் பையன் விடை சொல்கிறான்: காலையில் முகம் கழுவுகிறோம், நண்பகலில் மார்பில் வாசனை நீர் தெளிக்கிறோம், மாலையில் கால் கழுவுகிறோம். பிரம்மனின் தலை மண்ணில் விழுந்தால் உலகம் தீப்பிடிக்கும், கடலில் விழுந்தால் கடல் வற்றும். எனவே ஏழு மகள்கள் ஆண்டுக்கு ஒருத்தியாக அந்தத் தலையைத் தட்டில் ஏந்தி மேருவை வலம் வருகிறார்கள். மகா சோங்க்ரான் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கருடன் மேல் துங்சா, திங்களில் புலி மேல் கோரகா, செவ்வாயில் பன்றி மேல் ராக்சொட் என்று வரிசை. விடையில் மூன்று வேளையும் நீர்தான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி சோறு. காவ் சே என்பது மோன் இனத்தாரிடமிருந்து வந்து, மன்னர் ஐந்தாம் ராமர் காலத்தில் அரண்மனைச் சமையலறையில் நாசூக்கு ஏறிய கோடை உணவு. மல்லிகைத் தண்ணீரில் மிதக்கும் சோறு. பார்த்தவுடன் பழையது என்று தோன்றும். இல்லை, இதில் புளிப்பே கூடாது. அரிசியை முக்கால் பதத்தில் இறக்கி, தண்ணீரை மாற்றி மாற்றிக் கையால் மெல்லத் தேய்த்துக் கஞ்சிப்பசையைப் போக்க வேண்டும். கழுவிய தண்ணீர் தெளிவாக வந்தபின் துணியில் பரப்பி ஆவியில் வேகவைக்கிறார்கள். பசை மிச்சமிருந்தால் கிண்ணத்துத் தண்ணீர் பத்தே நிமிடத்தில் கலங்கிவிடும். கடையின் தரத்தை அதிலேயே பார்த்துவிடலாம். மல்லிகையைச் சாயங்காலம், மொட்டு விரியும் நேரத்தில் தண்ணீரில் மிதக்கவிட்டு, விடியுமுன் எடுத்துவிட வேண்டும். பூ வாடும்வரை கிடந்தால் தண்ணீரில் கசப்பும் பச்சை வாடையும் ஏறும். வாசனை மெழுகுத்திரியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையை மூடிய பானைக்குள் அடைப்பதும் உண்டு. தொட்டுக்கொள்ள வறுத்த இறால்விழுது உருண்டை, முட்டைவலை போர்த்திய அடைத்த பச்சை மிளகாய், இனிப்பு முள்ளங்கி. தொட்டுக்கொள்வதைச் சோற்றுக் கிண்ணத்தில் போடக் கூடாது. போட்டால் மேலே எண்ணெய் படர்ந்து மல்லிகை வாசனை போய்விடும். முதலில் அதைக் கடித்து, பிறகு ஒரு கரண்டி சோறும் தண்ணீரும்.

ரயில் சுமார் 750 கிலோமீட்டர், ஓர் இரவு. பண்டிகை வாரத்துப் படுக்கை வசதிச் சீட்டுகள் விற்பனை திறந்த வேகத்திலேயே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பேருந்து, ஆனால் இந்த ஏழு நாட்களைச் சாலை விபத்துக் கணக்குக்காக அரசே 'ஆபத்தான ஏழு நாட்கள்' என்றுதான் குறிப்பிடுகிறது. வாடகை மோட்டார் சைக்கிள் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 12, சியாங் மாய்

வெயில் 40 டிகிரியை ஒட்டி. தெருவெல்லாம் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. அதுதான் இந்நாட்டின் தேசிய மலர். பாதைகளில் இப்போதே சிறுவர்கள் வாளியோடு நிற்கிறார்கள். இருந்தாலும் இன்றைய வேலை சந்தையில்.

பிங் ஆற்றங்கரையில் வரோரோட் சந்தை. உள்ளூர்க்காரர்கள் 'காட் லுவாங்' என்பார்கள், பெரிய சந்தை என்று பொருள். பக்கத்திலேயே பூச்சந்தை. இங்கே இந்த வாரம் முழுக்க ஒரு பொருள் குவியல் குவியலாகக் கிடக்கும்: பழுப்பு நிறத்தில், வரிவரியாகச் சுருங்கி, விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்த காய்ந்த காய். இங்கே அதன் பெயர் சொம் போய். நமக்கு அதைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை, சீயக்காய்.

வடதாய்லாந்தின் புத்தாண்டு முழுக்க இந்தக் காயைச் சுற்றித்தான் நடக்கிறது. பெரியவர்களிடம் ஆசி வாங்கும் சடங்குக்கு இங்கே 'தாம் ஹுவா' என்று பெயர். நேர்ப்பொருள் தலைக்குக் குளிப்பது, தலை அலசுவது. எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்த தலைமுறைக்கு விளக்கவுரை தேவைப்படாது. தண்ணீர்த் துப்பாக்கியெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது.

சடங்கு நீர் தயாரிக்கும் விதம் இது. ஐந்து லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் காய் தாராளம். கரித் தணலில், தீ நாக்கு படாத உயரத்தில், காயைத் திருப்பித் திருப்பி வாட்ட வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடத்தில் தோல் லேசாக உப்பும், வரிகள் பளபளக்கும், புளியும் வெல்லமும் சேர்ந்து கருகுவது போல ஒரு வாசனை எழும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். கறுத்துவிட்டால் தண்ணீரில் சாம்பல் வாடைதான் இருக்கும். வாட்டாமலே போட்டால் பச்சை நெடி. வாட்டிய காயைக் கணுக்கணுவாக ஒடித்து வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிடுகிறார்கள். கொதிக்க வைப்பதும் இல்லை, கலக்கி அடிப்பதும் இல்லை. நுரை பொங்கினால் அது குளிக்கிற தண்ணீர், கும்பிடுகிற தண்ணீர் இல்லை.

இதில் இரண்டு மூன்று வில்லை பசுமஞ்சள், ஒரு கைப்பிடி காய்ந்த குசும்பப்பூ, கிடைத்தால் சரபீ பூ. நிறம் இளநீரில் ஒரு சொட்டுத் தேன் விட்டது போல வர வேண்டும். அடர்மஞ்சளாக வந்தால் மஞ்சள் அதிகம்; மூன்று நாள் கழித்துப் பெரியவர்களின் வெள்ளைச் சட்டையில் கறை நிற்கும். இன்னொன்று, சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும் என்பது நமக்குத் தெரிந்ததே. இந்தத் தண்ணீரைத் தெருவில் யார் மீதும் வீசக் கூடாது என்ற வழக்கத்துக்கு மரியாதை ஒரு காரணம், கண் இன்னொரு காரணம். சந்தையில் பொட்டலமாகக் கலந்தே விற்பதை வாங்கினால் காய் வாட்டியதா என்று முகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, வீட்டில் வாட்டிக்கொள்ளலாம்.

பக்கத்துக் கடையில் 'துங்' எனப்படும் காகிதக் கொடிகள். பன்னிரண்டு ஆண்டு விலங்குகள் அச்சடித்தவை உண்டு. நமக்குப் பிடித்தது 'பன்றிக்குடல் துங்'. பெயர்தான் அப்படி, பார்க்க வலைப்பந்தல் போல இருக்கும். மெல்லிய வண்ணக் காகிதம் இரண்டு மூன்றைச் சேர்த்துச் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலையாக மூன்று முறை மடித்தால் ஒல்லி முக்கோணம் வரும். ஒரு பக்கமிருந்து ஒரு வெட்டு, எதிர்ப் பக்கமிருந்து அடுத்த வெட்டு, மாற்றி மாற்றி. எதிர் ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே கத்தரி நிற்க வேண்டும். விரித்து நடுவில் பிடித்துத் தூக்கினால் தாளெல்லாம் வலையாகக் கீழே இறங்கும். தடித்த தாள் என்றால் இறங்காமல் விறைத்து நிற்கும். ஒரே ஒரு வெட்டு ஓரம்வரை போனாலும் பாதி கையில், பாதி தரையில்.

ஏப்ரல் 13, சங்கான் லோங்

விடியுமுன் வெடிச்சத்தம். பழைய ஆண்டைச் சங்கான் தாத்தா, சங்கான் பாட்டி என்று இரு கிழவர்களாக உருவகித்து, வீட்டுக் குப்பையோடும் துன்பத்தோடும் ஆற்றில் இறங்கிப் போகச் சொல்லித் துரத்துகிறார்கள். 'லோங்' என்றால் நீரோட்டத்தோடு கீழே போவது. வெடி முடிந்ததும் வீடு கூட்டி, படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தலைக்குக் குளித்துப் புதுத்துணி. நம் போகியின் வேலைகள்தாம், நெருப்புக்குப் பதில் நீர்.

இன்று நாடு முழுவதும் முதியோர் தினமும்கூட.

பிற்பகலில் ஊர்வலம். வாட் பிரா சிங் கோயிலின் புத்த சிஹிங் சிலை தேரேறி, தா பே சாலை வழியாக தா பே வாசலைக் கடந்து, ராச்சதாம்னொன் சாலையில் கோயிலுக்குத் திரும்பும். 'சிஹிங்' என்பது சிங்களம் என்பதன் திரிபு. இலங்கையில் செய்யப்பட்டு நக்கோன் சி தம்மராத் துறைமுகம் வழியாக வந்தது என்று தலபுராணம். பாங்காக் அருங்காட்சியகத்திலும் நக்கோன் சி தம்மராத்திலும் இதே பெயரில் ஆளுக்கொரு சிலை இருக்கிறது. மூன்று ஊரும் தம்முடையதே மூலம் என்கின்றன. அந்த வழக்கில் நாம் புகவேண்டாம்.

எங்கே நிற்பது? வாசலுக்கு வெளியே வேண்டாம், அங்கே கூட்டம் கழுத்தை நெரிக்கும். ராச்சதாம்னொன் சாலையின் நடுப்பகுதியில், நிழல் விழும் தென்புறம். கையில் சிறு கிண்ணத்தில் சொம் போய்த் தண்ணீர். தேர் அருகில் வரும்போது கீழ்க்கையால், பீடத்தை நோக்கி மெல்லச் சாய்க்க வேண்டும். தலையைக் குறிவைத்து விசிறுவது தப்பு. செய்பவர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் வெளியூர். தேருக்குப் பின்னால் வரும் பிட்சுகள் மேல் தண்ணீர் படவே கூடாது.

ஊர்வலம் போன மறு நிமிடம் அகழியைச் சுற்றிப் போர் ஆரம்பம். பழைய நகரம் ஏறக்குறைய சதுரம், ஒரு பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், நாற்புறமும் அகழி. அதாவது ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. சியாங் மாயில் கொண்டாட்டம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்த அகழி ஒரு முக்கியக் காரணம் என்பது எங்கள் எண்ணம். வாளிக்குக் கயிறு கட்டினால் போதும், குழாய் தேட வேண்டாம்.

அந்தத் தண்ணீர் குடிக்கத் தகாதது என்று சொல்லத் தேவையில்லை, கண்ணுக்கும் தகாது. நீச்சல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண் லென்ஸ் அணிபவர்கள் அன்று கழற்றி வையுங்கள். பனிக்கட்டிப் பாளம் போட்ட டிரம் வைத்திருப்பவர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்: அடிபட்டவர்கள் கத்தும் சத்தம் வேறு மாதிரி. அழுத்தக் குழாய்த் துப்பாக்கிகளுக்குத் தடை உண்டு. தின்சோ பொங் என்ற வெள்ளைச் சுண்ணமண், பார்க்க நம் நாமக்கட்டியேதான், குழைத்துக் கன்னத்தில் பூசுவார்கள். அனுமதி கேட்டுப் பூசுவதுதான் முறை. கேட்காமல் கை வைத்தால் அது பண்டிகை ஆகாது, அதட்டி விலக்கலாம். கைக்குழந்தைகள், முதியவர்கள், ஓடும் மோட்டார் சைக்கிள்கள் மேல் வீசக் கூடாது. மோட்டார் சைக்கிள்மேல் வீசிய ஒரு வாளி ஆளைச் சாய்த்துவிடும்.

நகருக்குள் ஓடும் சிவப்பு வேன்களுக்கு வழக்கமான கட்டணம் ஒன்று உண்டு. இந்த நாட்களில் ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். பக்கம் திறந்த வண்டி என்பதால் உள்ளே உட்கார்ந்தாலும் நனைவீர்கள். கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டு அதன் நகல், கொஞ்சம் பணம், கைபேசி மூன்றையும் கழுத்தில் தொங்கும் நெகிழி உறையில் போட்டுக்கொள்ளுங்கள். உறையை வாங்கியவுடன் உள்ளே வெறும் தாளை வைத்து வாளியில் அமிழ்த்திப் பாருங்கள். தெருவோர உறைகளில் ஒட்டு விட்டவை கணிசம். மாலை இருட்டியதும் நகரம் வியக்கத்தக்க வேகத்தில் ஓய்கிறது.

ஏப்ரல் 14, நாவ்

வடக்கத்திப் பேச்சில் 'நாவ்' என்றால் அழுகல் என்றும் கேட்கும். அதனால் இன்று வசை, சண்டை, கடுஞ்சொல் எதுவும் ஆகாது. பேசினால் ஆண்டு முழுக்க வாய் அழுகும். சந்தையில் பேரம்கூட இன்று மென்மையாகத்தான் நடக்கிறது. இன்று வெட்டிய மூங்கிலை வண்டு அரிக்காது என்றும் ஒரு நம்பிக்கை.

காலையில் சமையல், மாலையில் மணல்.

சமையலில் இரண்டு. ஒன்று ஹங் லே: பன்றி வயிற்றுக்கறி, நிறைய இஞ்சி, ஊறிய பூண்டு, புளி, பர்மா வழியாக வந்து சேர்ந்த மசாலாப் பொடி. காரம் குறைவு, கனம் அதிகம். இரண்டு நாள் வைத்துச் சூடாக்கிச் சாப்பிட்டால்தான் ருசி என்று ஒரே நாளில் அண்டா நிறையக் கிண்டுகிறார்கள். இரண்டாவது கனோம் ஜோக். இதை நாகர்கோவில்காரர் பார்த்தால் இலையப்பம் என்பார், மற்றவர் கொழுக்கட்டை என்பார், இருவரும் சரி. பசையரிசி மாவை வெல்லப்பாகும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசைய வேண்டும். முற்றிய தேங்காய்த் துருவலும் பனைவெல்லமும் சேர்த்து, கரண்டியில் எடுத்தால் உதிராத பதம் வரும்வரை கிளறுவது பூரணம். வாழையிலையை வெயிலிலோ தணலிலோ வாட்டி, உள்பக்கம் எண்ணெய் தடவி, கூம்பாக மடித்து ஆவியில் அரை மணி. கெடுவது மூன்று இடத்தில்: இலை வாடாமல் இருந்தால் மடிப்பில் கிழியும்; எண்ணெய் போதாவிட்டால் மாவு இலையோடு போகும்; பூரணம் ஈரமாக இருந்தால் வேகும்போது வெடித்து வெல்லம் வழியும். விதையுள்ள ஒரு காட்டு வாழையின் இலைதான் கிழியாமல் மடங்கும் என்று சந்தையில் அதைத் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள்.

மாலை நாலு மணிக்கு மேல் கோயில்களுக்கு மணல் போகிறது. ஆண்டு முழுக்கக் கும்பிட வருபவர்களின் காலில் ஒட்டிக் கோயில் மண் வெளியே போய்விட்டது, அந்தக் கடனைத் திருப்பித் தருகிறார்கள். ஒரு காலத்தில் பிங் ஆற்றுக்குள் இறங்கி வெள்ளிக் கிண்ணத்தில் அள்ளி நடந்தே போனார்கள். இப்போது பல கோயில்களில் லாரியில் வந்த மணல் வாசலில் கொட்டிக் கிடக்கிறது. வாளி வாங்கி உள்ளே பத்தடி சுமந்தால் போதும். குறைதான், ஆனாலும் குனிந்து அள்ளும் கைகள் குறையவில்லை.

மணலில் எழுப்புவது சேதி, அதாவது தூபி. பெரியதற்கு மூங்கில் பாய் வளையங்கள், கீழே அகலம் மேலே குறுகல், மூன்று, ஐந்து, ஏழு என்று அடுக்கு. ஒவ்வொரு வளையத்திலும் மணல் நிரப்பி, நீர் தெளித்து, உலக்கைக் கட்டையால் இடித்த பிறகே அடுத்தது. தனியாள் செய்வது வாளியளவுதான். சல்லடையில் சலித்த மணல் வேண்டும். கூழாங்கல் ஒன்று இருந்தால் அந்த இடத்தில் வெடிப்பு விழும். ஈரப்பதத்துக்குப் புட்டு மாவு தெரிந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் நிற்கக் கூடாது. காய்ந்தால் சரியும், அதிகமானால் வாளியைத் தூக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிடும். கோடைமழை இந்த வாரத்தில் சட்டென்று வரும். திறந்தவெளியில் மாலை கட்டியது காலையில் மேடாகக் கிடப்பதும் உண்டு. யாரும் அலட்டிக்கொள்வதில்லை. பண்டிகை முடிந்து மணல் எப்படியும் கோயிலின் கட்டட வேலைக்கும் பள்ளம் நிரப்பவும்தான் போகிறது.

ஏப்ரல் 15, பாயா வன்

பாயா வன் என்றால் நாட்களின் அரசன். ஆண்டு எண் மாறும் நாள் இது. இங்கே பழைய கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் காணும் சூளா சகாப்தம் கி.பி. 638-இல் தொடங்குவது. பாங்காக் அரசு 1889-இல் ஏப்ரல் 1-ஐயும், 1941-இல் ஜனவரி 1-ஐயும் புத்தாண்டாக்கிவிட்டது. வீட்டுக்குள் ஆண்டு பிறப்பது இன்றைக்குத்தான்.

விடியற்காலை ஆறு மணிக்கே கோயிலில் கூட்டம். நேற்றுச் சமைத்ததை அடுக்குத் தூக்கில் கொண்டுவந்து, இறந்தவர்களின் பெயர் சொல்லிப் பிட்சுவிடம் படைக்கிறார்கள். பிறகு துங் கொடிகளை மணல் சேதிகளில் நடுகிறார்கள். சில கோயில்களில் நாகவடிவ மரத் தொட்டி ஒன்று நீளமாகக் கிடக்கும். அதன் வால்பக்கம் ஊற்றிய சொம் போய்த் தண்ணீர் ஓடிப்போய் வாய்வழியே புத்தர் சிலைமேல் சொரியும். பெண்கள் நெருங்கக் கூடாத சேதிகளிலும் அவர்கள் ஊற்றிய தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்று ஒரு பகலை வெளியே கழிக்க முடிந்தால், தென்மேற்கே 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் சொம் தோங். கவைக்கிளைக் கம்பங்களுக்கு வண்ணம் பூசி ஊர்வலமாகக் கொண்டுபோய் போதிமரக் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். சாய்ந்த கிளைக்கு முட்டு, புத்த சமயத்துக்கும் முட்டு. சாலை அடைக்கப்படுவதால் காலை எட்டுக்கு முன் போய்விட வேண்டும்.

பிற்பகலில் தாம் ஹுவா. உறவில் மூத்தவர், பழைய ஆசிரியர், அலுவலகத் தலைவர் என்று வீடு வீடாகப் போகிறார்கள். மாவட்டங்களெல்லாம் சேர்ந்து ஆளுநருக்கே ஊர்வலமாகப் போய்ச் செய்வதும் உண்டு. தட்டில் பூ, மெழுகுத்திரி, ஊதுவத்தி, ஒரு துண்டோ கைலியோ, மாம்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு. நடுவில் வெள்ளிக் கிண்ணத்தில் சொம் போய்த் தண்ணீர். அழைப்பிருந்தால் நீங்களும் போகலாம். வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள்.

இங்கேதான் வெளியூர்க்காரர் தவறுகிறார்கள். பாங்காக் பக்கம் இளையவர்கள் பெரியவரின் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கேயும் ஊற்றப் போவார்கள், இன்னும் சிலர் தோளிலும். வடக்கில் இளையவர் ஊற்றுவதே இல்லை. முட்டியிட்டு, உங்கள் தலை அவர் தலைக்குக் கீழே இருக்கும்படி குனிந்து, கிண்ணத்தை இரு கையாலும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடந்த ஆண்டில் சொல்லாலும் செயலாலும் செய்த பிழை பொறுக்கும்படி ஒருவர் எல்லோருக்குமாகக் கேட்பார். பாட்டி விரல் நுனிகளை மட்டும் தண்ணீரில் நனைப்பார். ஈர விரல்களை நெற்றிக்கு மேல், வகிட்டில் வைத்து, பின்னுக்கு ஒருமுறை நீவிக்கொள்வார். ஒரு துளி காதோரம் இறங்கும், துடைக்க மாட்டார். ஆண்டு முழுவதற்குமான தலைக்குளியல் அவ்வளவுதான். மிஞ்சிய ஈரத்தை எதிரே குனிந்திருக்கும் தலைகள்மேல் தெளிப்பதும் உண்டு.

பிறகு ஆசி. 'ஏவங் ஹோந்து' என்று பாலியில் தொடங்கும், 'அப்படியே ஆகட்டும்' என்று. அடுத்து வரும் 'அச்ச' என்பதும் பாலிதான், 'இன்று'. மீதி முழுக்க வடக்கத்திப் பேச்சு, ஒரே மூச்சில், ராகத்தோடு, மூன்று நான்கு நிமிடம். அதுவரை கைகூப்பியபடி குனிந்தே இருக்க வேண்டும். கிண்ணத்தை முன்பே தரையில் வைத்திருந்தால் தோள்கள் உங்களை வாழ்த்தும். முடிந்ததும் 'சாது' சொல்லி எழலாம். மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினால் அன்றே அறுக்க வேண்டாம்.

ஏப்ரல் 16, பாக் பீ

ஆண்டின் வாய், அதாவது முகப்பு. சுற்றுலாக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், நகரம் காய்கிறது.

காலையில் ஊர்க் கோயில்களில் 'சுப் சதா', ஆயுளை நீட்டிக்கும் சடங்கு. மூன்று கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி முக்காலிபோல் நிறுத்தி, அடியில் தேங்காய், வாழை, கரும்பு. புத்தர் சிலையிலிருந்து புறப்படும் வெள்ளை நூல் கூரைக்குக் கீழே கட்டம் கட்டமாக ஓடுகிறது. ஒவ்வொருவரும் தம் தலைக்கு மேலுள்ள நூலை இறக்கித் தலையைச் சுற்றிக்கொள்கிறார்கள். நடுவில் ஒருவர் எழுந்தால் வரிசையே இழுபடும், எனவே தண்ணீர் குடித்துவிட்டு, கழிப்பறை போய்விட்டு உட்காருங்கள். கூடை கூடையாக மடித்த சட்டைகள் வந்திருக்கும். வேலைக்காக பாங்காக்கிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் சட்டைகள் அவை. ஆள் வர முடியாவிட்டால் அவர் உடுத்திய துணிக்கு ஆயுள் நீட்டிக்கிறார்கள்.

மதியம் எந்த வீட்டிலும் பலாக் கறி. பலாவுக்குத் தாய் மொழியில் 'கனுன்'. அதிலுள்ள 'நுன்' என்பதற்குத் தாங்கிப் பிடிப்பது என்று பொருள், ஆண்டு முழுக்கத் தாங்கும் என்று சாப்பிடுகிறார்கள். பிஞ்சுப் பலா, பன்றி விலா எலும்பு, சிறு தக்காளி, இடித்த மிளகாயும் இறால்விழுதும்; இறக்கும்போது சா-ஓம் என்ற கீரையின் கொழுந்தும் ஒரு வகைக் காட்டு வெற்றிலையும். தேங்காய்ப்பால் கிடையாது. பலாவை அரிந்தவுடன் உப்புத் தண்ணீரில் போடாவிட்டால் கறுக்கும். கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவ மறந்தால் பால் பிடித்துச் சாயங்காலம்வரை ஒட்டும். விதை முற்றிய காய் வாங்கினால் சுளை இழையாகப் பிரியாது, எத்தனை நேரம் வேகவைத்தாலும் ரப்பர்.

அந்தி சாயும்போது வீட்டுத் தோஷம் கழிப்பது. வாழைப்பட்டையைச் சதுரமாக மடித்து மூங்கில் குச்சி செருகி, உள்ளே ஒன்பது கட்டம் தடுத்து 'சதுவாங்' என்ற தட்டு. கட்டத்துக்குக் கட்டம் சிட்டிகைச் சோறு, ஒரு துண்டு மீன், பழம், சிறு கொடி, களிமண்ணில் விரலளவு பொம்மைகள். மந்திரம் சொல்லி முடித்ததும் அதை வாசலுக்கு வெளியே தெருக்கோடிவரை கொண்டுபோய் வைத்துவிட்டு, சொம் போய்த் தண்ணீரை வீட்டின் நான்கு மூலையிலும் தெளிக்கிறார்கள். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இப்படி ஐந்தாறு தட்டுகள் கிடக்கும். நாய்கள் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும். பெட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது சக்கரம் எதன்மேலும் ஏறாமல் சற்று ஒதுங்கிப் போங்கள்.